கடுமையும் கடினமும்

செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தை எளிமையாக்குதல்: தொழில் நடத்துவோர் பக்கமிருந்து ஒரு பார்வை
(2025 டிசம்பரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் ஒரு நிபந்தனை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த மேடையில் தொழிலைப் பற்றிப் பேச வருபவர் சட்டத்தைத் தொடாமல் இறங்கக் கூடாது. சட்டத்தைப் பற்றிப் பேச வருபவர் தொழிலைத் தொடாமல் இறங்கக் கூடாது. அழைப்புக் கடிதத்தில் இதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் தோல் கம்பெனியில் கடிதம் தட்டச்சு செய்து பிழைப்பைத் தொடங்கி, மாலைக் கல்லூரியில் சட்டம் படித்து, இன்று ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் படித்துச் சொல்பவன். இரண்டு கரையிலும் கால் நனைத்தவன்.

இன்றைய தலைப்பு செயற்கை நுண்ணறிவு (ஏ.ஐ.) சட்டங்களை எளிமையாக்குவது. ஆனால் நான் தொடங்கப்போவது கணினியில் இல்லை. ஒரு டிரம்மில்.

1. டிரம்மில் போட்ட பெருக்கல் குறி

1990-ஆம் ஆண்டு. வாணியம்பாடியில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் எனக்கு முதல் வேலை. ஒரு நாள் ஜெர்மனியிலிருந்து, வழக்கமாகச் சரக்கு எடுப்பவரிடமிருந்து, ஒரு கடிதம் வந்தது. பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்தை ஜெர்மனி 1989 டிசம்பரில் தடை செய்துவிட்டது. இனி ஒரு கிலோ தோலில் அது 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கை எடுக்க முடியாது. கடிதத்தின் சாரம் அவ்வளவுதான். ஈரத் தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதைத்தான் நாங்கள் காலங்காலமாகப் போட்டுவந்தோம்.

முதலாளி அந்தக் கடிதத்தை என்னிடம் மூன்று முறை படிக்கச் சொன்னார். "இந்தச் சட்டத்தை யார் போட்டது, நம்ம கவர்மென்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நமக்கு ஏன்?" என்றார். அந்தக் கேள்விக்குக் கடிதத்தின் கடைசி வரியில் பதில் இருந்தது: சோதனைச் சான்றிதழ் இல்லாத சரக்கு உங்கள் செலவில் திரும்பி வரும்.

எங்கள் பக்கத்து ஆலைக்காரர்கள் அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நடையாய் நடந்தார்கள். மாற்று மருந்து என்ன, சோதனையை எங்கே செய்வது, பழைய தொட்டியில் ஊறிப்போனதை எப்படிக் கழுவுவது என்று கேட்டு வந்தார்கள். செலவு ஆயிற்று. சிறியவர்கள் சிலர் தாக்குப்பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் ஆலையில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மேஸ்திரி ஒரு சுண்ணக்கட்டியை எடுத்தார். மூலையில் நின்ற பழைய மருந்து டிரம்மின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். "இது வேணாம்" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உட்பட அங்கே வேலை செய்த அத்தனை பேருக்கும் ஜெர்மானியச் சட்டம் புரிந்துவிட்டது.

1994-இல் ஜெர்மனி சில அசோ சாயங்களையும் தடை செய்தது. இந்த முறை தோல்காரர்களோடு துணிக்குச் சாயம் போடுபவர்களும் சேர்ந்து அலைந்தார்கள். அப்போதும் கதை அதேதான். இந்தச் சாயம் கூடாது, இந்தச் சோதனையில் தேற வேண்டும், சான்றிதழ் இணைக்க வேண்டும்.

அந்தச் சட்டம் கடுமையானது. சரக்கு துறைமுகத்திலிருந்து திரும்பும் அளவுக்குக் கடுமை. ஆனால் அது கடினமானதல்ல. ஒரு பொருள், ஓர் எண், ஒரு சோதனை. தேறினோமா இல்லையா என்பதைச் சோதனையே சொல்லிவிடும்.

கடுமை வேறு, கடினம் வேறு. கடுமை என்பது சட்டம் எவ்வளவு கேட்கிறது என்பது. கடினம் என்பது சட்டம் என்ன கேட்கிறது என்று கண்டுபிடிக்கவே நாம் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது. இன்று உலகம் முழுக்க ஏ.ஐ. சட்டத்தை எளிமையாக்குகிறோம் என்ற பேச்சு கேட்கிறது. குறைய வேண்டியது கடினம். ஆனால் பல இடங்களில் குறைவது கடுமை. கடினம் அப்படியே இருக்கிறது. இதுதான் இன்று நான் சொல்ல வந்தது. மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

2. ஒரு மென்பொருள், நான்கு படிகள்

ஏ.ஐ.க்கென்று விரிவான முதல் சட்டத்தை இயற்றியது ஐரோப்பிய ஒன்றியம். 2021 ஏப்ரலில் வரைவு வந்தது. 2024 மார்ச் 13 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்தது. 113 பிரிவுகள், 13 பின்னிணைப்புகள், முகப்பில் 180 விளக்கக் குறிப்புகள். தலையணை வைக்கத் தேவையில்லை, இதையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அதன் அடிப்படை யோசனை எளிமையானது. கருவியைப் பார்க்காதே, அது யார் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்று பார். அபாயத்துக்கு ஏற்ற கடமை. சிலவற்றுக்குத் தடை, சிலவற்றுக்கு உயர் அபாயம் என்ற முத்திரையும் அதற்கான வேலைகளும், சிலவற்றுக்கு வெளிப்படைத்தன்மை மட்டும், மீதிக்கு ஒன்றுமில்லை.

இதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு சிறு நிறுவனம் இருக்கிறது. பதினான்கு பேர். ஆள் எடுக்கும் கம்பெனிகளுக்கான மென்பொருள் செய்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு வாடிக்கையாளர் உண்டு. போன வருடம் அவரிடமிருந்து அறுபது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வந்தது. ஏழாவது கேள்வி: "உங்கள் மென்பொருள் உயர் அபாய வகையில் வருமா? ஆம் / இல்லை." அந்த இளைஞர் எனக்குப் போன் செய்தார். "ஏனுங்க சார், இதுக்கு ஆமான்னு போடறதுங்களா, இல்லைன்னு போடறதுங்களா?"

நேரில் போனேன். மென்பொருளைத் திறந்து காட்டச் சொன்னேன். அதில் நான்கு வேலைகள் இருந்தன.

முதல் வேலை, ஆளுக்கொரு மாதிரி வரும் சுயவிவரங்களை எல்லாம் ஒரே வடிவத்துக்கு மாற்றுவது. ஆள் எடுப்பது சட்டத்தின் மூன்றாம் பின்னிணைப்பில் உயர் அபாயப் பட்டியலில் இருக்கும் துறைதான். ஆனால் இது குறுகிய, வழிமுறை சார்ந்த வேலை என்றால் 6-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. விலக்கு ஏன் பொருந்துகிறது என்று எழுதி வைக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும்.

இரண்டாவது, விண்ணப்பித்தவர்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவது. இது ஒரு மனிதரை அலசி எடைபோடும் வேலை. விலக்குக்கு இடமே இல்லை. உயர் அபாயம். அப்படியானால் அபாய மேலாண்மை, பயிற்சித் தரவின் தரம், தொழில்நுட்ப ஆவணம், இயக்கப் பதிவேடு, மனித மேற்பார்வை, துல்லியம், இணையப் பாதுகாப்பு, தர மேலாண்மை எல்லாம் வேண்டும். தகுதி மதிப்பீட்டை முடித்து, ஐரோப்பிய விதிகளுக்கு இணங்குகிறது என்று காட்டும் சி.ஈ. முத்திரை ஒட்ட வேண்டும். ஆவணங்களைப் பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பதால் அங்கே ஓர் அதிகாரபூர்வப் பிரதிநிதியையும் நியமிக்க வேண்டும்.

மூன்றாவது, காணொளி நேர்காணலில் முகத்தைப் பார்த்து ஆள் பதற்றமாக இருக்கிறாரா, உற்சாகமாக இருக்கிறாரா என்று சொல்வது. விற்பனைக்கு இது நல்ல கவர்ச்சி என்று சேர்த்திருந்தார்கள். பணியிடத்திலும் கல்வி நிலையத்திலும் உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 5-ஆம் பிரிவு தடை செய்கிறது. 2025 பிப்ரவரி 2 முதல் தடை அமலில் இருக்கிறது. இதை மீறினால் அபராதம் 3.5 கோடி யூரோ வரை, அல்லது உலக விற்றுவரவில் 7 சதவீதம் வரை.

நான்காவது, விண்ணப்பித்தவர்களோடு பேசும் அரட்டைப் பொறி. பேசுவது இயந்திரம் என்று சொல்லிவிட்டால் போதும்.

ஒரே மென்பொருள், நான்கு படிகள். ஏழாவது கேள்விக்கு ஆம் என்பதும் தவறு, இல்லை என்பதும் தவறு. அந்த இளைஞர் என் முகத்தைப் பார்த்தார். அவர் தவறு செய்பவரல்ல. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாதவர். அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு வக்கீல் தேவைப்பட்டார். அந்தத் தேவைக்குப் பெயர்தான் கடினம்.

ஒன்றை மறக்கக் கூடாது. பலர் இதை லைசென்ஸ் ராஜ் என்று திட்டுகிறார்கள். லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ் என்ற சொல்லை நமக்குத் தந்த ராஜாஜி எதிர்த்தது, அதிகாரி கையெழுத்துக்காகத் தொழிலதிபர் வாசலில் காத்திருக்கும் முறையை. ஆள் எடுக்கும் மென்பொருளுக்கு ஐரோப்பியச் சட்டம் அப்படிக் கேட்கவில்லை. நீயே சோதித்துக்கொள், நீயே கையெழுத்துப் போடு, பொய் என்று தெரிந்தால் வருவேன் என்கிறது. நம் வருமான வரிப் படிவம் மாதிரி. வாசலில் காத்திருக்கும் கஷ்டம் இதில் இல்லை. எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று புரியாத கஷ்டம்தான்.

3. ஆம்னி பஸ்

2025 நவம்பர் 19 அன்று ஐரோப்பிய ஆணையம் 'டிஜிட்டல் ஆம்னிபஸ்' என்ற பெயரில் இரண்டு முன்மொழிவுகளை வைத்தது. ஒன்று தரவுச் சட்டங்களைத் திருத்த, மற்றொன்று ஏ.ஐ. சட்டத்தைத் திருத்த. ஆம்னிபஸ் என்றால் லத்தீனில் எல்லாருக்குமானது என்று பொருள். நமக்கு ஆம்னி பஸ் என்றால் வேறு ஞாபகம் வரும். எல்லாருக்குமான வண்டிதான், ஆனால் தீபாவளி நேரத்தில் யாருக்கு சீட், என்ன விலைக்கு என்று போய் நின்றால்தான் தெரியும்.

இந்த வண்டி ஏன் கிளம்பியது? 2024 செப்டம்பரில் இத்தாலியின் முன்னாள் பிரதமர் மரியோ திராகி ஐரோப்பாவின் போட்டித்திறன் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிய விதிகள் ஐரோப்பிய நிறுவனங்களின் காலைக் கட்டுகின்றன என்றார். நிர்வாகச் சுமையை எல்லாருக்கும் 25 சதவீதமும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 35 சதவீதமும் குறைப்பது ஆணையத்தின் இலக்காயிற்று. 2025 ஜூலையில் ஏர்பஸ், ஏ.எஸ்.எம்.எல்., மிஸ்ட்ரால் உள்ளிட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுவனத் தலைவர்கள், ஏ.ஐ. சட்டத்தின் கடிகாரத்தை இரண்டு ஆண்டு நிறுத்துங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

அவர்கள் புகாரில் நியாயம் இல்லாமலில்லை. சட்டம் தரவு நல்ல தரத்தில் இருக்க வேண்டும், துல்லியம் போதுமானதாக இருக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு இருந்தால் போதும் என்பதைத் தர நிர்ணய அமைப்புகளான சென், செனெலெக் எழுத வேண்டும். 2025 ஏப்ரலுக்குள் முடிய வேண்டிய வேலை முடியவில்லை. தோல் கதையில் சொன்னால், ரசாயனத்தைத் தடை செய்தாயிற்று, 5 மில்லிகிராம் என்ற எண் இன்னும் வரவில்லை, ஆனால் கப்பல் கிளம்பும் தேதி 2026 ஆகஸ்ட் 2 என்று குறித்தாயிற்று. யாருக்குத்தான் வயிறு கலங்காது?

4. ஒரே பெயரில் மூன்று காரியங்கள்

முன்மொழிவுகளைப் பிரித்துப் பார்த்தால், எளிமையாக்கம் என்ற ஒரே பையில் மூன்று வேறு சரக்குகள் இருக்கின்றன.

முதலாவது, உண்மையான எளிமை. இணையத் தாக்குதல் நடந்தால் இன்று ஒரு நிறுவனம் ஒரே சம்பவத்தைப் பல சட்டங்களின் கீழ்ப் பல அலுவலகங்களுக்கு அறிவிக்க வேண்டும். ஒரு விபத்துக்கு நான்கு ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது போல. இனி ஒரே வாசல் என்கிறது தரவு முன்மொழிவு. விலக்குப் பெற்ற கருவிகளைப் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டியதில்லை, காரணத்தை எழுதி வைத்திருந்தால் போதும் என்கிறது ஏ.ஐ. முன்மொழிவு. கோவை இளைஞரின் மென்பொருள் செய்யும் முதல் வேலைக்கு இது உதவும். ஒரே வாசல் என்பது அலைச்சலைக் குறைக்கிறது, கடமையைக் குறைக்கவில்லை. இதை யாரும் எதிர்க்க வேண்டியதில்லை.

இரண்டாவது, தளர்வு. ஏ.ஐ.யைப் பயன்படுத்தும் நிறுவனம் தன் ஊழியர்களுக்கு அதைப் பற்றிப் போதிய அறிவு இருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்பது 4-ஆம் பிரிவு. இது 2025 பிப்ரவரி முதல் கடமை. முன்மொழிவின்படி இனி அது நிறுவனத்தின் கடமையாக இராது. அரசுகளும் ஆணையமும் ஊக்குவித்தால் போதும் என்கிறார்கள். 4-ஆம் பிரிவு மொத்தச் சட்டத்திலும் எளிதாகப் புரியும் வரிகளில் ஒன்று. "கருவியைக் கையாள்பவனுக்கு அதைச் சொல்லிக் கொடு." டிரம்மில் சுண்ணக்கட்டியால் எழுதக்கூடிய வரி அது. கடினமே இல்லாத ஒன்றை எளிமை என்ற பெயரில் எடுப்பது விந்தை.

இதே தளர்வுப் பையில் இன்னொன்றும் இருக்கிறது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான சலுகைகளை 750 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் அடுத்த நிலை நிறுவனங்களுக்கும் நீட்டுவது. ஆவணத்தைச் சுருக்கமாகத் தரலாம். அபராதத்தில் தொகை, சதவீதம் இரண்டில் எது குறைவோ அதுவே உச்சம். 20 லட்சம் யூரோ விற்றுவரவுள்ள சிறு நிறுவனம் உயர் அபாயக் கடமையில் தவறினால் உச்ச அபராதம் 1.5 கோடி அல்ல, 3 சதவீதமான 60,000 யூரோ. சிறியவனுக்கு இந்த நியாயம் வேண்டும். 750 பேர் கம்பெனிக்கு வேண்டுமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் ஆம்னி பஸ்ஸில் முன் சீட்டு யாருக்கு என்று இதில் தெரிகிறது.

மூன்றாவது, தள்ளிவைப்பு. முன்மொழிவின்படி உயர் அபாயக் கடமைகள் 2026 ஆகஸ்டில் தொடங்க மாட்டா. தரநிலைகள் தயார் என்று ஆணையம் அறிவித்த ஆறு மாதம் கழித்துத் தொடங்கும். எப்படியானாலும் 2027 டிசம்பர் 2-ஐத் தாண்டாது. இயந்திரங்கள், மருத்துவக் கருவிகள் போன்ற பொருள்களுக்குள் இருக்கும் ஏ.ஐ.க்கு 2028 ஆகஸ்ட் 2 கடைசி எல்லை.

இதுதான் தலைப்புச் செய்தியாயிற்று. தொழில்காரர்கள் கைதட்டினார்கள். நான் அந்தக் கைதட்டலில் சேரத் தயங்குகிறேன். முன்பு ஒரு தேதி இருந்தது. இனி, எப்போது வரும் என்று தெரியாத ஓர் அறிவிப்பிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டிய தேதி. இந்த முன்மொழிவும் நாடாளுமன்றத்திலும் உறுப்பு நாடுகளின் மன்றத்திலும் நிறைவேறினால்தான் சட்டம். அது 2026 ஆகஸ்டுக்குள் நடக்காவிட்டால் பழைய தேதியே நிற்கும். ஆகவே இன்று கோவை இளைஞர் தன் நாட்காட்டியில் எதைக் குறிப்பார்? ஆகஸ்ட் 2026 என்றா, டிசம்பர் 2027 என்றா, நடுவில் ஏதோ ஒரு நாள் என்றா? பெரிய கம்பெனி மூன்றுக்கும் தயாராகும். அதற்குத் தனி அலுவலகம் இருக்கிறது. பதினான்கு பேர் கம்பெனி ஒன்றுக்கும் தயாராகாது. தள்ளிவைப்பு கடுமையைக் கொஞ்ச நாள் குறைத்தது, கடினத்தைக் கூட்டிவிட்டது.

தேதியைத் தள்ளாமல் இருந்திருக்க முடியுமா? தரநிலை இல்லாதபோது முடியாது என்பது உண்மை. அப்படியானால் நிலையான ஒரு புதிய தேதியைச் சொல்லியிருக்கலாம். தொழில் செய்பவனுக்கு நல்ல செய்தியை விட நிச்சயமான செய்தி மேல். வட்டி விகிதம் முதல் மழை வரை இதுதான் அவன் கேட்பது.

5. இறக்கிய சுமை எங்கே போகிறது?

சட்டத்திலிருந்து ஒரு கடமையை எடுத்துவிட்டால் அது காற்றில் கரைந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். தலைச்சுமை இறக்குபவர்களைப் பாருங்கள். ஒருவர் இறக்கினால் அது தரையில் விழும், அல்லது இன்னொருவர் தோளில் ஏறும்.

சாதாரணக் குடும்பங்களின் தோளில் ஏறிய கதை நெதர்லாந்தில் நடந்தது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்பவர்களைக் கண்டுபிடிக்க அந்நாட்டு வரித்துறை ஒரு மதிப்பிடும் முறையை வைத்திருந்தது. விண்ணப்பித்தவர் டச்சுக் குடியுரிமை பெற்றவரா என்பதும் அதில் ஓர் அளவுகோல். ஆயிரக்கணக்கான குடும்பங்கள், பெரும்பாலும் வெளிநாட்டு வேர் உள்ளவர்கள், மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டுப் பெருந்தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை. 2021 ஜனவரியில் அந்த அரசாங்கமே பதவி விலகியது. ஐரோப்பியச் சட்டத்தில் பதிவேடு வை, மனிதர் மேற்பார்க்கட்டும், காரணம் சொல்லக் கூடியதாக இரு என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இப்படி ஒரு குடும்பம் நிற்கிறது. கடுமையை அவசரப்பட்டுக் குறைப்பவர்கள் அந்தக் குடும்பத்தின் தோளில் சுமையை மாற்றுகிறார்கள்.

இன்னொரு தோள் ஒப்பந்தம். சட்டம் கேட்காததை வாங்குபவர் கேட்பார். ஐரோப்பாவில் உள்ள வாடிக்கையாளருக்கு நாளை ஒரு வழக்கு வந்தால் அவருக்குப் பிடிமானம் வேண்டும். ஆகவே சட்டம் தள்ளிப்போனாலும் அறுபது கேள்விப் படிவம் தள்ளிப்போகாது. வாணியம்பாடிக்கு ஜெர்மன் சட்டம் அரசிதழ் வழியாக வரவில்லை. வாங்குபவர் கடிதம் வழியாகத்தான் வந்தது. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து மென்பொருள் செய்பவர்களுக்கும் அப்படியேதான். கருவி ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தாலோ, அதன் முடிவு அங்கே பயன்பட்டாலோ, செய்பவர் எங்கிருந்தாலும் சட்டம் தொடும் என்கிறது 2-ஆம் பிரிவு.

ஒப்பந்தத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அதை இளம் வக்கீல்கள் குறித்துக்கொள்ளுங்கள். வேறொருவர் செய்த உயர் அபாயக் கருவியில் உங்கள் பெயர்ப் பலகையை ஒட்டி விற்றால், அல்லது அதைக் கணிசமாக மாற்றினால், 25-ஆம் பிரிவின்படி நீங்களே அதைச் செய்தவர் ஆகிவிடுகிறீர்கள். அத்தனை கடமையும் உங்கள் தலையில். கடைப் பெயரை மட்டும் மாற்றினோம் என்று சொல்லித் தப்ப முடியாது.

6. சட்டமே இல்லாத எளிமை

அப்படியானால் நம் நாடு புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது, தனிச் சட்டமே போடவில்லை என்று சிலர் மகிழ்கிறார்கள். 2025 நவம்பர் 5 அன்று மத்திய அரசு ஏ.ஐ. நிர்வாக வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பலராமன் ரவீந்திரன் தலைமையிலான குழு தயாரித்தது. ஏழு சூத்திரங்கள். கட்டுப்பாட்டை விடப் புதுமைக்கு முன்னுரிமை என்பது அவற்றில் ஒன்று, பொறுப்பேற்றல் இன்னொன்று. இப்போதைக்குத் தனிச் சட்டம் தேவையில்லை, இருக்கும் சட்டங்களே போதும் என்பது அதன் நிலைப்பாடு.

நல்ல ஆவணம். ஆனால் இருக்கும் சட்டங்கள் எவை? 2000-இன் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வங்கிக்கு ரிசர்வ் வங்கி விதிகள். இவற்றில் எந்த வரி தன் மென்பொருளைத் தொடுகிறது என்று கோவை இளைஞர் தேட வேண்டும். ஒரே தடித்த புத்தகத்துக்குப் பதில் நான்கு மெல்லிய புத்தகங்கள். பக்கம் குறைந்தது, தேடல் குறையவில்லை. தமிழ்நாடு அரசு 2020-லேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த ஏ.ஐ. கொள்கை ஒன்றை வெளியிட்டது. அரசுத் துறைகள் ஒரு கருவியை மக்களிடம் கொண்டுபோகும் முன் அதற்கு மதிப்பெண் போட்டுப் பார்க்கும் அட்டை ஒன்றை அதில் வகுத்திருந்தார்கள். மதிப்பெண் அட்டை என்ற யோசனை எனக்குப் பிடித்தது. அதை நிரப்புவது மேஸ்திரிக்கும் சாத்தியம்.

எண் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. 2025 அக்டோபரில் மத்திய அரசு ஒரு வரைவு விதி வெளியிட்டது. ஏ.ஐ. உருவாக்கிய படத்தில் குறைந்தது 10 சதவீதப் பரப்பில் அடையாளம் இருக்க வேண்டும் என்றது அந்த வரைவு. ஒலி என்றால் முதல் 10 சதவீத நேரத்தில் சொல்ல வேண்டும் என்றது. புரிவதற்கு எளிது. ஆனால் 5 மில்லிகிராம் என்ற எண்ணுக்குப் பின்னால் வேதியியல் இருந்தது. 10 சதவீதத்துக்குப் பின்னால் ஓர் அடிக்கோல் மட்டும் இருந்தது. துணிக்கடை விளம்பரத்தில் பின்னணியை மாற்றியதற்கும், ஒரு தலைவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுவதற்கும் ஒரே அளவு முத்திரை. எளிமையான விதி எல்லாம் சரியான விதி அல்ல. அபாயத்தை அளந்த பிறகு வரும் எளிமைதான் நிற்கும்.

7. தொழில் நடத்துவோர் என்ன செய்வது?

உங்களில் சிலர் நாளை தொழில் தொடங்குவீர்கள். சட்டம் தள்ளிப்போகிறது என்ற செய்தியைக் கேட்டுக் கோப்பை மூடி வைக்காதீர்கள். தேதியைப் பொறுத்திராத வேலைகள் சில உண்டு.

முதலில், வீட்டுக் கணக்கு எடுங்கள். உங்கள் அலுவலகத்தில் எங்கெல்லாம் ஏ.ஐ. நுழைந்திருக்கிறது? நீங்கள் வாங்கியது மட்டுமல்ல. கணக்குப் பிரிவில் ஒருவர் தன் போனில் தானாகவே பயன்படுத்துவதையும் சேர்த்து. பல முதலாளிகளுக்கு இந்தப் பட்டியலின் நீளம்தான் முதல் அதிர்ச்சி.

அடுத்து, பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதன் முடிவால் யாருடைய வேலை, கடன், படிப்பு, சிகிச்சை மாறும்? ஒருவருடையதும் இல்லை என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். யாருடையதாவது என்றால், ஐரோப்பாவாக இருந்தாலும் அமெரிக்காவாக இருந்தாலும் சட்டத்தின் கண் அங்கேதான் விழும். கொலராடோ மாநிலம் 2024-இல் இயற்றிய சட்டமும் இத்தகைய முடிவுகளைத்தான் குறிவைத்தது; அதன் தொடக்கமும் 2026 பிப்ரவரியிலிருந்து ஜூன் 30-க்கு 2025-இல் தள்ளிவைக்கப்பட்டது. நியூயார்க் நகரம் ஆள் எடுக்கும் கருவிகளுக்குப் பாரபட்சத் தணிக்கையை 2023 ஜூலை முதலே கேட்கிறது. தேதிகள் நகர்கின்றன, கேள்வி நகரவில்லை.

மூன்றாவது, பதிவேடு. எந்தத் தரவில் பயிற்சி, யார் சோதித்தார், எந்த முடிவை எந்த மனிதர் மாற்றினார் என்று அன்றன்று எழுதுங்கள். ஐந்து வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதும் ஆவணம் எந்தத் தணிக்கையிலும் நிற்காது. ரசீதை அன்றே கோப்பில் போடும் பழக்கம்தான் இது, புதிதல்ல.

கடைசியாக, ஒப்பந்தத்தில் செய்தவர் யார், பயன்படுத்துபவர் யார் என்பதைப் பெயர் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெளிவில்லாத இடத்தில் சுமை இளைத்தவன் தோளில்தான் இறங்கும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. எளிமையாக்க வேண்டுமானால் பிரிவுகளை எண்ணாதீர்கள். ஒரு சிறு நிறுவனம், வக்கீல் இல்லாமல், தான் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணுங்கள். தோல் ஆலைக்காரருக்கு அடையாறு இருந்தது. மென்பொருள்காரருக்கு அப்படி ஒரு வாசல் எங்கே? ஒவ்வொரு உறுப்பு நாடும் சோதனைக் களம் ஒன்றாவது அமைக்க வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் சொல்கிறது. நம்மிடமும் அப்படி ஒரு வாசல் திறந்தால் பல பக்கச் சுற்றறிக்கைகள் மிச்சம்.

முடிக்கிறேன். இரண்டு வாரம் முன்பு கோவை நிறுவனத்துக்கு மறுபடி போயிருந்தேன். ஏழாவது கேள்விக்குப் பக்கத்தில் ஆம், இல்லை இரண்டையும் அடித்துவிட்டு, "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதி நான்கு வேலைகளையும் பிரித்து விளக்கி அனுப்பியிருந்தார்கள். முகம் பார்த்து மனம் சொல்லும் வசதியை மென்பொருளிலிருந்தே எடுத்துவிட்டார்கள். "தேதி தள்ளிப்போச்சுன்னு சொல்றாங்களே சார், இப்ப என்ன பண்றதுங்க?" என்று அந்த இளைஞர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பின்னால் இருந்த வெள்ளைப் பலகை கண்ணில் பட்டது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் எழுதியதாம். மூன்றே வரி:

முகத்தை வைத்து ஆளை எடை போடாதே.
தள்ளிய ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் எழுது.
கடைசி முடிவில் ஒரு மனிதர் பெயர் இருக்க வேண்டும்.

113 பிரிவுகளும் அந்த மூன்று வரியில் அடங்கிவிடாது. 5 மில்லிகிராமும் அந்தப் பெருக்கல் குறியில் அடங்கவில்லைதான். சான்றிதழுக்கு எங்கள் முதலாளி ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டித்தான் இருந்தது. ஆனால் முதல் சான்றிதழ் கைக்கு வருவதற்கு வெகு முன்பே அந்த டிரம்மை யாரும் தொடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

"பலகையை அழிக்காதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.